வெள்ளைக்கு விட்ட இடம்

நாற்காலியை அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்று பிரமிளா நினைத்துக்கொண்டாள். இனி நகர்த்த முடியாது. மாடி அறையில் நாற்காலிக் கால் தரையில் தேய்ந்தால் கீழே கூடத்தில் யாரோ பல்லை நறநறக்கிற மாதிரி கேட்கும். சின்ன வயதில் அவளும் தங்கச்சி தாரணியும் இங்கே குதித்து ஆடினால் அப்பா கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார், அடங்கிவிடுவார்கள். இன்றைக்கு யாரும் தட்டத் தேவையில்லை. எமகண்டம் கழிந்ததும் வாசலில் இரண்டு கார் வந்து நின்ற சத்தம் கேட்டதிலிருந்து அவள் காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. இடது பாதம் மரத்துப் போயிருந்தது. கீழே பரமத்தி வேலூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அம்மா பருப்புப் பூரணம் வைத்துச் சுட்ட ஒப்புட்டை நெய் விட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள், தாரணியைப் பெண் பார்க்க வந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை பிரமிளா பெங்களூரில் இருந்தாள்.

எதிரே ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்த கண்ணாடியில் அவள் முகம். மடியில் பலகை, பலகையில் நான்கு பக்கமும் ஒட்டுத்தாள் போட்டு இறுக்கிய தடிக் காகிதம், அதில் பாதி வந்த அதே முகம். ஓவியக் கல்லூரியில் கூடப் படித்த ஹசீனா சென்னையில் ஏதோ கண்காட்சி வைக்கிறாளாம், ஒரு மாதமாகப் போனில் நச்சரிக்கிறாள். "உன் மூஞ்சிய நீயே வரைஞ்சு அனுப்பு. கையாலயும் வரை, டேப்லெட்லயும் வரை, ரெண்டையும் போட்டுக் குழப்பு, அதான உன் பொழப்பு?" அதுதான் அவள் பிழைப்பு. கரூரில் மெத்தை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் பூ வரைந்து தருகிறாள். முதலில் காகிதத்தில் தண்ணீர்ச் சாயம், பிறகு அதைப் படமெடுத்து டேப்லெட்டில் ஏற்றி, வெட்டி, அடுக்கி, ஒரு செம்பருத்தியை ஆயிரம் செம்பருத்தியாக்கி அனுப்புவாள். யாரோ வெள்ளைக்காரர்கள் அதன் மேல் படுத்துத் தூங்குவார்கள். தன் முகத்தை அவள் வரைந்ததில்லை. முப்பத்து நாலு வயதுக்கு இதுவரை தேவைப்படவில்லை, அல்லது தேவைப்பட்டபோதெல்லாம் பூ வரையப் போய்விட்டாள். தண்ணீர்ச் சாயத்தில் வெள்ளையைத் தொடவே கூடாது என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். வெள்ளை வேண்டுமா, அந்த இடத்தை விட்டுவிடு, சுற்றிலும் தீட்டு, காகிதமே வெள்ளையாக நின்றுகொள்ளும். மல்லிகை இதழுக்கு அப்படி விட்டு விட்டுப் பழகிய கை. இப்போது அந்தக் கை வலது கண்ணைச் சுற்றி ஒரு வளையம் விட்டது. உதட்டின் இரண்டு ஓரத்திலும் விட்டது. மோவாயில் தொடங்கிக் கழுத்து வழியாகச் சரிந்து இறங்குகிற பெரிய வெள்ளையை விட்டது, இடது நெற்றிப்பொட்டில் புருவத்தின் பாதி மயிரும் வெளுத்துவிட்ட இடத்தை விட்டது. மிச்சத்துக்கு மட்டும் பழுப்பைக் கரைத்துக் கரைத்து வைத்தது. அப்படியானால் நான் வரைவது என்னையா, என்னில் மிச்சமிருப்பதையா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. நல்ல கேள்வி, ஹசீனாவிடம் சொன்னால் கண்காட்சி அட்டையில் அச்சடித்துவிடுவாள் என்று நினைத்ததும் அது சுருங்கிப் போய்விட்டது. ஆனால் மிச்சம் என்கிற சொல் மட்டும் போகவில்லை. மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் காது மடலுக்குக் கீழே கடுகளவு இருந்தது இன்றைக்குக் கண்ணாடியில் கொட்டைப்பாக்கு அளவு இருக்கிறது. படம் முடிவதற்குள் படத்திலிருப்பவள் மாறிவிடுவாள். மல்லிகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் வெள்ளை வலது கையில், மோதிர விரல் முட்டியில் வந்தது. போஸ்டர் பெயிண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள். சோப்புப் போட்டாள், நகத்தால் சுரண்டினாள், போகவில்லை என்றதும் டர்பன்டைன் நனைத்த துணியால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். சிவப்பு அடங்கியதும் அது முன்னைவிட வெள்ளையாக, ரொம்பச் சுத்தமாக இருந்தது. அம்மா அதைத் தேமல் என்றாள். உதட்டோரம் வந்த பிறகும் தேமல் என்றாள். இரண்டு வருஷம் தேமல் என்றே சொல்லிக்கொண்டு, நாட்டுமருந்துக் கடைக் கார்போகரிசி அரைத்துக் காய்ச்சிய எண்ணெயைத் தடவி மொட்டை மாடி வெயிலில் நிறுத்தி வைத்தாள். வெந்து கொப்புளம் வந்ததே தவிர நிறம் வரவில்லை. வெயிலில் நிற்கும்போது பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் பார்ப்பார்கள் என்று அவள் முதுகைக் காட்டி நிற்பாள், பிறகு முதுகிலும் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல மாதிரி, இது வெண்புள்ளி, ஒட்டாது, வலிக்காது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றாள். அதைப் பிரமிளா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அவள் பாயசம் ஊற்றப் போனபோது ஒரு பெரியம்மா ஒன்றுமே சொல்லாமல், முகம்கூடச் சுளிக்காமல், டம்ளரை இலைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த பந்திக்கு அவள் தானாகவே மணமகள் அறைக்குள் போய்ப் பூக்கட்ட உட்கார்ந்துகொண்டாள். ஆபீசிலும் அப்படித்தான். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் சார், சத்தமில்லாமல் நன்றாக வரைய வருகிறது என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்ல வருகிறவர்களின் வாய் கோணுவதைப் பார்ப்பதைவிட முந்திக்கொள்வது சுலபம்.

இந்தப் பெங்களூர்க் கதையையும் அவள்தான் சொன்னாள். அதுதான் முள். போன வாரம் சாயங்காலம், சமையலறை. அப்பா சென்னியப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மாப்பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். தாரணி கீழே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். "நல்ல குடும்பந்தான். அவுங்கம்மாதான் கொஞ்சம் பழைய ஆளாட்டம் தெரியுது," என்றார் அப்பா. அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவில்லையே தவிர வாய் ஏதோ ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள், உடனே முந்திக்கொண்டாள். "நான் பெங்களூர்ல இருக்கறன்னு சொல்லிருங்கப்பா. வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." மோட்டாரை நான் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தோம் என்று அப்போது தெரியவில்லை, மாடிக்கு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒருவர், மூன்று பேரில் யாராவது ஒருவர், கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் அவளே வற்புறுத்தி இல்லை இல்லை இதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள வைத்திருப்பாள், அது வேறு விஷயம். கடுகு வெடித்து அடங்கியது. தாரணி தலையைத் தூக்கவில்லை. அம்மா கரண்டியைத் தட்டி வைத்துவிட்டு, "செரி கண்ணு," என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்படின்னா அன்னிக்கு மாடில துணி எதும் காயப்போடாத," என்றாள். அவ்வளவு தூரம் யோசித்துவிட்டாள் அதற்குள். அந்தக் கடுகு அடங்குகிற நேரத்தைத்தான் அவள் இந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கனமான குரலில் சொல்லியிருக்க வேண்டுமோ. சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமோ. இருந்திருந்தால் அப்பா வாயில் கூட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்திருக்கும், அது இதைவிட மோசமாக இருந்திருக்கும். இல்லை, இதைவிட மோசமாக இருந்திருக்காது. இருந்திருக்கும்.

தூரிகையை ஜாடியில் அலசினாள், விளிம்பில் பட்டுச் சத்தம் வந்துவிடாமல் நடுவில் பிடித்து. தண்ணீர் கலங்கி டீ மாதிரி ஆகியிருந்தது. இந்தத் தண்ணீரில் தொட்டு வைக்கிற எந்த நிறமும் இனி அழுக்காகத்தான் விழும், கன்னத்தில் கடைசியாக வைத்த பூச்சு அப்படித்தான் விழுந்திருந்தது, சேறு மாதிரி. குளியலறைக் குழாய் நாலடி தள்ளித்தான். ஆனால் அதன் கழிவுக் குழாய் கூடத்துச் சுவருக்குள்ளே இறங்குகிறது. மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் கீழே டி.வி. பார்க்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெங்களூரில் இருக்கிற பெண் கரூரில் தண்ணீர் ஊற்ற முடியாது. இந்த எண்ணத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, சிறுநீர்தான் முட்டியது, அதையும் அடக்கிக்கொண்டாள். பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, போன் கேமராவில் படம் எடுத்தாள். போன் காலையிலிருந்தே சைலண்டில் இருந்தது. படத்தை டேப்லெட்டுக்கு அனுப்பினாள். கம்பெனி கொடுத்த டேப்லெட், தனி நம்பர், அதன் பேனா கண்ணாடித் திரையில் எறும்பு ஊர்கிற சத்தம்கூடப் போடாது. இனி இதில்தான். காகிதத்தின் சொரசொரப்பு, பழுப்பு திட்டுத்திட்டாய் உலர்ந்த ஓரங்கள், விட்ட இடங்கள் எல்லாம் திரையில் பெரிதாக வந்து நின்றன. தலைமயிரை இழை இழையாகப் பேனாவால் இழுத்தாள். கண்ணுக்குள் ஜன்னலின் நாலு கம்பிகளை வைத்தாள். பின்புறம் வெறுமையாய் இருந்தது, பழக்க தோஷத்தில் ஒரு கொடி போட்டு அழித்தாள். பிறகு, எதற்கென்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி புதிதாக ஒரு லேயர் திறந்தாள். கன்னத்துப் பழுப்பின் மேல் பேனாவை வைத்தால் அந்த நிறத்தை அப்படியே உறிஞ்சித் தருகிற வசதி அதில் உண்டு. உறிஞ்சினாள். கண்ணைச் சுற்றி இருந்த வளையத்தில் அதை நிரப்பினாள், உதட்டோரம், மோவாய், கழுத்து, நெற்றிப்பொட்டு. ஒரு பூ வரைகிற நேரம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு பெண் இருந்தாள். கொஞ்சம் தாரணி சாயல், கொஞ்சம் அத்தை சாயல், மோவாயில் ஒரு அழுத்தம். ஓ, எனக்கு மோவாயில் குழி இருக்கிறது என்று அவள் ஆச்சரியப்பட்டாள். இத்தனை வருஷமும் வெள்ளையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவே இல்லை. லேயரின் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும், தொட்டால் லேயர் மறையும், மறுபடி தொட்டால் வரும். தொட்டாள். வெள்ளை வந்தது. தொட்டாள். போயிற்று. வந்தது. போயிற்று. இவளாக இருந்திருந்தால் இந்நேரம் கீழே காபித் தட்டோடு தாரணிக்குப் பின்னால் நின்றிருப்பேன். தொட்டாள். இவளாக இருந்திருந்தால் பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்க வாசலுக்குப் போய் என் குழந்தைகளை அதட்டிக்கொண்டிருப்பேன். தொட்டாள். எது பொய், நிரப்பியதா, விட்டதா. இரண்டையும் அவள்தான் செய்தாள். விரலை எடுக்க முடியவில்லை, புண்ணின் பொருக்கைத் தடவுகிற மாதிரி அது தானாகப் போய்ப் போய்த் தொட்டது.

கீழேயிருந்து பேச்சு மாடிப்படி வழியாகத் துண்டு துண்டாக வந்தது. தாரணி பாட மாட்டாளா என்று யாரோ கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா குரல் தொண்டை கட்டின மாதிரி கரகரப்பாக, ஆனால் நன்றாகக் கேட்டது. "பெரிய புள்ள பெங்களூர்லீங்களா?"

"ஆமாங்க, டிசைன் கம்பெனில இருக்குது," என்றார் அப்பா. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

"மூத்தது இருக்கைல சின்னதுக்குப் பண்றீங்களே?"

"அது கல்யாணமே வேண்டாங்குதுங்க. வேலை வேலைன்னு. நாங்களும் உட்டுட்டோம்."

விட்டுவிட்டார்கள். பிரமிளா பேனாவைக் கீழே வைத்தாள். அது பொய்தான், ஆனால் அப்பா சொன்ன விதத்தில் அந்தப் பெங்களூர்க்காரி ஒரு கணம் கண்ணில் தெரிந்தாள், கையில் காபிக் கோப்பையோடு, கண்ணாடிச் சுவர்களுக்குப் பக்கத்தில், யாரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு. அவள் மேல் பொறாமையாக இருந்தது.

"இப்பத்தான் போன்லயே மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறாங்களே, ஒரு கால் போடு சாமி, உங்கக்காளப் பாத்துட்டுப் போறோம்," என்றாள் அந்த அம்மா. தாரணியிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். "போடு, போடு," என்றார் அப்பா, கொஞ்சம் அவசரமாக. போன் சைலண்டில்தானே இருக்கிறது, கட்டிலில் கிடக்கிறது, ஒளிர்ந்து அணையும், எடுக்கவில்லை என்பார்கள், முடிந்துவிடும் என்று அவள் கட்டிலைப் பார்த்தாள். போன் இருட்டாகக் கிடந்தது. மடியில் டேப்லெட் அலறியது.

அலறியது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பூ வரைகிற சாமானுக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. திரையில் அவள் வரைந்த பெண்ணை மூடிக்கொண்டு மேலே தாரணியின் பெயர், அடியில் கேமரா அவளை அவளுக்கே காட்டியது. கீழேயிருந்து பார்க்கிற கோணம், திறந்த வாய், வெள்ளை வளையத்துக்குள் ஒரு கண் பெரிதாக. ஓரத்தில் பச்சை, இன்னொரு ஓரத்தில் சிவப்பு. கட்டைவிரல் பச்சைக்கு மேலே நின்றது. ஏன் இந்த நம்பருக்கு, தவறிப்போய்த் தட்டிவிட்டாளா. தொட்டால் கூடத்தில் இந்த முகம் எழும், அந்தக் கரகரப்புக் குரல் ஏதோ சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாமல் டம்ளரை நகர்த்தி வைக்கும். தொடாவிட்டால் இந்த மணி நிற்கப்போவதில்லை. சிவப்பைத் தொட்டால் மேலே மணி நின்ற அதே கணத்தில் கீழே அழைப்பு அறுந்தது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் நினைக்க நேரம் இருந்தது என்பதுதான் விசித்திரம். டேப்லெட்டைக் கவிழ்த்து வயிற்றோடு அழுத்தி, துப்பட்டாவைச் சுருட்டி மேலே வைத்து, முழங்காலை மடக்கி அதன் மேல் குனிந்துகொண்டாள். மணி அவள் விலா எலும்புக்குள் அடித்தது. அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

"மேல ஏதோ அடிச்ச மாதிரி இருந்துதே?"

"மாடிய வாடகைக்கு உட்டிருக்கறோமுங்க. யாரோ வேலைக்குப் போற புள்ளைங்க," என்றார் அப்பா. யோசிக்காமல், தடுமாறாமல், ஒப்புட்டு இன்னொன்று வையுங்கள் என்று சொல்கிற மாதிரி. யாரோ. அதைக் கேட்டு அவளுக்கு வலித்ததா என்று தேடிப் பார்த்தாள். அந்த நேரத்தில் இருந்தது பாராட்டுதான், அப்பா தப்பித்துக்கொண்டாரே என்கிற நிம்மதிதான். வலி எங்கோ கீழே, குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

கார்கள் கிளம்பி, தெருமுனை திரும்பின பிறகும் அவள் எழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு தாரணி வந்தாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, அம்மாவின் ஆரம். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"செரின்னுட்டாங்கக்கா."

"எனக்குக் கேட்டுச்சு. நல்லா இருக்கானா ஆளு?"

தாரணி பலகையை எடுத்துப் பார்த்தாள், பிறகு டேப்லெட்டை. நிரப்பிய லேயர் திறந்தே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். "ஏனுக்கா எடுக்கல?"

"எடுத்திருக்கணுமா?"

"போனுக்கு அடிச்சா சைலண்ட்ல கெடக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்பாவும் அத நம்பித்தான் போடு போடுன்னாரு. நான் வேணும்னேதான் டேப்லெட் நம்பருக்கு அடிச்சேன்." தாரணிக்கு மூச்சு வாங்கியது. "என்னால வாயத் தொறந்து சொல்ல முடியலக்கா. அன்னிக்கு நீ சொன்னப்பவும் முடியல. நீ எடுத்து அவங்க முன்னாடி நின்னிருந்தீன்னா, இவதான் எங்கக்கா, மேலதான் இருக்கான்னு சொல்லிருப்பேன்."

"சொல்லிருப்பியா?"

"சொல்லிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "சொல்லிருப்பேன்னுதான் நெனைக்கறேன்," என்றாள்.

பிரமிளாவுக்கு முதலில் வந்தது கோபம். தைரியத்தைக்கூட என் தலையில்தான் ஏற்றி வைத்தாயா, முகத்தைக் காட்டுவதும் நான், அதன் பிறகு நடப்பதைத் தாங்குவதும் நானா. அது வந்த வேகத்திலேயே இன்னொன்று வந்தது. இந்த வீட்டில் ஒருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள், நான்தான் வயிற்றோடு அமுக்கிக்கொண்டேன். இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"நாளைக்கு அவரு கூப்புடறேன்னிருக்காரு," என்றாள் தாரணி. "நானே சொல்லிடறேன். நெசமாத்தான்க்கா. என்ன ஆனாலும் ஆகட்டும்."

பிரமிளா அவளைப் பார்த்தாள். மதியம் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கூர்மையாகிவிட்டிருந்த கண்ணால் பார்த்தாள். தாரணியின் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறி நின்றன. கழுத்து நரம்பு ஆரத்துக்கு மேலே கயிறாகத் தெரிந்தது. விரல்கள் முந்தானையின் சரிகையைப் பிய்த்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தன. உண்மையாகத்தான் சொல்கிறாள். இப்போது நான் சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் இவள் எழுந்து போய் நாளைக்குச் சொல்லிவிடுவாள். அவன் ஒருவேளை அதனாலென்ன என்பான். அப்புறம் காலத்துக்கும் அவன் 'அதனாலென்ன' என்று சொன்னவன், நான் அந்த 'அது'. அல்லது அவன் ஒன்றும் சொல்லாமல் போனை வைப்பான். அப்புறம் காலத்துக்கும் இவள் என்னை ஒன்றும் சொல்லமாட்டாள். சும்மா இரு, சும்மா இரு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் எழுந்துவிட்டது, எப்போதும் போல லேசாக, மோட்டாரை நிறுத்துகிற குரல்.

"வேண்டாம் தாரணி. இப்பத்திக்கு வேண்டாம்."

"இல்லக்கா, நான்..." என்று தொடங்கினாள் தாரணி. முடிக்கவில்லை. இன்னொரு முறை தொடங்குவாள் என்று பிரமிளா காத்திருந்தாள். தாரணி ஜன்னலைப் பார்த்தாள். அவள் தோள்கள் மெல்ல, மிக மெல்ல, அவளுக்கே தெரியாமல் கீழே இறங்கின. சரிகையை விட்ட கையில் வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிந்தன. ஒரு நீண்ட மூச்சு வந்தது.

கீழே அம்மா பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று போடுகிற சத்தம் கேட்டது. பிறகு படியடியில் வந்து நின்று, தயக்கமில்லாத பெரிய குரலில் கூப்பிட்டாள்:

"பிரமிளா, அல்லாரும் போயாச்சு. எறங்கி வா கண்ணு."